வீட்டுத் தோட்ட மரத்தில் அறைகலன் செய்தல்

வீட்டுத் தோட்ட மரத்தில் அறைகலன் செய்தல் என்பது, வீட்டு வளவில் வளர்ந்து பின்னர் வெட்டப்பட்ட அல்லது காற்றில் சாய்ந்த ஒரு மரத்தை அறுத்து, உலர்த்தி, மேசை, கட்டில், நாற்காலி, அலமாரி முதலிய தளபாடங்களாக ஆக்குவதைக் குறிக்கும். மரக்கடையில் விற்கப்படும் பலகை பெரும்பாலும் முன்னரே அறுத்து ஓரளவு உலர்த்தப்பட்டதாகும். தோட்டத்து மரமோ வெட்டிய அன்று நீர் நிறைந்த பச்சை மரமாகவே கிடக்கிறது. இந்த நீரை அவசரமின்றி, ஒரே சீராக வெளியேற்றுவதே இம்முயற்சியின் முதன்மையான பகுதியாகும். தச்சுவேலை அதன் பின்னரே தொடங்குகிறது. நல்ல மரமும் திறமையான தச்சரும் இருந்தும் மேசைப் பலகை பிளந்துபோவதற்கும், கதவு வளைந்து மூட மறுப்பதற்கும் பெரும்பாலும் உலர்த்தலில் நேர்ந்த குறையே காரணமாக இருக்கும்.

பின்னணி

வீட்டு மரங்கள் பல காரணங்களால் வெட்டப்படுகின்றன. வீட்டை விரிவாக்குதல், வேர் சுவரைத் தாக்குதல், மின்கம்பிக்கு இடையூறு, நோய், முதுமை ஆகியன அவற்றுட் சில. தமிழகக் கடற்கரை மாவட்டங்களில் புயல் ஒரு முக்கிய காரணமாகும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூர்ப் பகுதியைத் தாக்கிய தானே புயலில் பண்ருட்டி வட்டாரத்தின் பலா, முந்திரி மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் தெருவோர, தோட்ட மரங்களை வீழ்த்தியது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் காவிரிப் படுகையின் தென்னை, பலா, மா மரங்களை அழித்தது.

இவ்வாறு ஒரே நாளில் பல மரங்கள் வீழும்போது அவை பெரும்பாலும் விறகு விலைக்கே போகின்றன. வழியை அடைக்கும் மரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி அகற்றுவதே அப்போதைய தேவையாக இருப்பதால், பலகையாகக்கூடிய அடிமரமும் மூன்றடித் துண்டுகளாகிவிடுகிறது. முப்பது, நாற்பது ஆண்டுகள் வளர்ந்த மரம் விறகாகுமா, அறைகலனாகுமா என்பது பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது.

மரத்தின் அமைப்பு

மரத்தின் குறுக்குவெட்டில் இரண்டு பகுதிகளைத் தெளிவாகக் காணலாம். நடுவில் நிறம் செறிந்து, இறுகியிருக்கும் பகுதி வைரம் அல்லது காழ் எனப்படும். அதைச் சூழ்ந்துள்ள வெளிர்நிறப் பகுதி வெளிறு எனப்படும். தச்சர்கள் இதனை வெள்ளை என்பர். உயிருள்ள மரத்தில் வேரிலிருந்து நீரை மேலே கொண்டு செல்வது வெளிறு ஆகும். அதில் மாவுச்சத்தும் சேமிக்கப்படுவதால் பூச்சிகள் அதனை நாடுகின்றன. வைரம் உயிர்ச்செயல் முடிந்த பகுதி. அதில் படிந்துள்ள வேதிப்பொருட்கள் பூச்சியையும் பூஞ்சையையும் எதிர்க்கின்றன.

தென்னை, பனை ஆகியவற்றில் இவ்வமைப்பு தலைகீழாக உள்ளது. அவற்றில் வெளிப்புறம் வன்மையாகவும் உட்புறம் மென்மையாகவும் இருக்கும். தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே காழ் உடையவற்றை மரம் என்றும், புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும் பிரிக்கிறது. தற்காலத் தாவரவியலும் தென்னையையும் பனையையும் புற்களைப் போலவே ஒருவித்திலைத் தாவரங்களில் சேர்க்கிறது.

பச்சை மரத்தில் நீர் இரண்டு நிலைகளில் உள்ளது. உயிரணுக்களின் உட்குழிவில் நிற்கும் நீர் கட்டற்ற நீர் எனவும், உயிரணுச் சுவர்களுக்குள் பிணைந்திருக்கும் நீர் பிணைநீர் எனவும் அழைக்கப்படும். உலரும்போது முதலில் கட்டற்ற நீர் வெளியேறுகிறது. அதுவரை மரத்தின் எடை குறையுமேயன்றி அளவு மாறுவதில்லை. ஈரப்பதன் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காட்டுக்கு வந்ததும் கட்டற்ற நீர் தீர்ந்து பிணைநீர் வெளியேறத் தொடங்கும். இந்நிலை நார் நிறைவு நிலை எனப்படுகிறது. மரம் சுருங்கத் தொடங்குவது இதற்குப் பின்னரே ஆகும்.

சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒன்றுபோல் நிகழ்வதில்லை. நீளவாக்கில் அது மிகச் சிறிது. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் ஓரளவும், வளர்ச்சி வளையங்களைத் தழுவிய திசையில் அதனைப்போல் ஏறத்தாழ இரு மடங்கும் சுருங்கும். தேக்கு குறைவாகச் சுருங்கும் மரங்களுள் ஒன்று. அதிலும்கூடப் பச்சை நிலையிலிருந்து முழு உலர் நிலை வரை ஆரத் திசைச் சுருக்கம் ஏறத்தாழ 2.5 விழுக்காடாகவும், வளையத் திசைச் சுருக்கம் ஏறத்தாழ 5.8 விழுக்காடாகவும் உள்ளன. இந்த வேறுபாடே உருண்டைத் தடி வெடிப்பதற்கும், பலகை கிண்ணம்போல் வளைவதற்கும் அடிப்படைக் காரணம் ஆகும்.

தோட்ட மரங்களும் அவற்றின் தன்மையும்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீட்டு வளவுகளில் காணப்படும் மரங்கள் சிலவற்றின் தன்மைகள் வருமாறு:

வேம்பு: நடுத்தர எடை கொண்டது. வைரம் பூச்சிகளை நன்கு எதிர்க்கும். நார்கள் ஒன்றையொன்று பின்னி ஓடுவதால் இழைப்புளி சில இடங்களில் நாரைப் பெயர்க்கும். அலமாரி, கட்டில், கதவு ஆகியவற்றுக்கு ஏற்றது.

பலா: அறுத்தவுடன் மஞ்சளாகத் தோன்றும் வைரம், ஒளியும் காற்றும் பட்டு நாளடைவில் பழுப்பாக மாறும். தஞ்சாவூர் வீணை இம்மரத்தில்தான் செய்யப்படுகிறது. அறைகலனுக்கு மிகவும் ஏற்றது.

பூவரசு: வைரம் கருஞ்சிவப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். நேரான நீண்ட தடி கிடைப்பது அரிது. முக்காலி, நாற்காலிக் கால் போன்ற சிறு உறுப்புகளுக்குச் சிறந்தது.

மா: பெரும்பகுதி வெளிறாகவே இருப்பதால் பூச்சியும் பூஞ்சையும் விரைவில் தாக்கும். தக்க முறையில் பதப்படுத்தினால் நல்ல அறைகலன் மரமாகும். இராசத்தானின் சோத்பூரில் இதிலிருந்து ஏற்றுமதிக்கான அறைகலன்கள் செய்யப்படுகின்றன.

வாகை: கரும்பழுப்பு வைரம் கொண்ட அழகிய மரம். இதன் தூள் தும்மலை உண்டாக்கும். ஆதலால் அறுக்கும்போதும் இழைக்கும்போதும் மூக்கை மூடிக்கொள்ளுதல் வேண்டும்.

தூங்குமூஞ்சி: தென்னமெரிக்காவிலிருந்து வந்த இம்மரம் குறைவாகச் சுருங்குவது. அகலமான ஒற்றைப் பலகை மேசைக்கு ஏற்றது.

புளி: மிகக் கடினமானது. அறுக்கும் வாளை விரைவில் மழுங்கச் செய்யும். இறைச்சி வெட்டும் கட்டைக்குப் பயன்படுவதே இதன் வன்மைக்குச் சான்று.

முருங்கை: பஞ்சுபோன்ற மென்மரம். அறைகலனுக்குப் பயன்படாது.

சட்ட நிலை

சொந்த நிலத்தில் நிற்கும் மரமாயினும் எல்லா மரங்களையும் விருப்பப்படி வெட்டிவிட இயலாது. தமிழ்நாட்டில் சந்தன மரத்தை வெட்டுவதற்கு வனத்துறையின் அனுமதி தேவை. இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம், பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுவதைத் தடை செய்கிறது. உணவு தரும் மரங்களைக் காப்பது இதன் நோக்கமாகும். அறுவை ஆலைக்குத் தடியை ஏற்றிச் செல்லவும் சில மர வகைகளுக்குத் தனி அனுமதி வேண்டியிருக்கும். எனவே வெட்டும் முன்னரே உள்ளூர் வனத்துறை அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று.

வெட்டியவுடன் செய்ய வேண்டியவை

தடியின் நீளத்தைச் செய்ய விரும்பும் பொருளைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். கட்டிலின் பக்கச் சட்டத்துக்கு ஏறத்தாழ 2 மீட்டரும், சாப்பாட்டு மேசைக்கு 1.5 மீட்டரும் தேவைப்படலாம். இரு முனைகளிலும் சிறிது வெடித்து வீணாகும் என்பதால், ஒவ்வொரு தடியையும் தேவையை விட 20 முதல் 30 செ.மீ. கூடுதலாக வெட்டுவது வழக்கம்.

மரத்தின் நீர்க்குழாய்கள் நீளவாக்கில் அமைந்துள்ளமையால் வெட்டுமுனை வழியாக நீர் மிக விரைவாக வெளியேறும். முனை உலர்ந்து சுருங்க, உட்பகுதி ஈரமாகவே நிற்பதால் முனைகளில் வெடிப்பு உண்டாகிறது. இதனைத் தவிர்க்க, வெட்டிய அன்றே முனைகளில் உருக்கிய மெழுகு, தார் அல்லது தடித்த வண்ணப்பூச்சு பூசப்படுகிறது. நாட்கள் கழித்துப் பூசுவதால் அதிகப் பயனில்லை.

தடியைத் தரையில் நேரடியாகக் கிடத்தாமல் இரண்டு கட்டைகளின் மேல், நிழலில் வைக்க வேண்டும். இயன்றவரை விரைவில் அறுப்பதே சிறந்தது. மா போன்ற மரங்களின் வெளிறில் நீலக்கறைப் பூஞ்சை சில நாட்களிலேயே பரவத் தொடங்கும். முழுத் தடியாக நெடுநாள் வைத்தால் மரம் தானே உலர்ந்துவிடும் என்பது பரவலான எண்ணம். உண்மையில் தடியின் வெளிப்புறம் உலர்ந்து வெடிக்க, நடுப்பகுதி நெடுங்காலம் ஈரமாகவே இருக்கும்.

காற்றில் சாய்ந்த மரத்தின் கிளைகள் வில்போல் வளைந்து அழுத்தத்தில் நிற்கும். வெட்டும்போது அவை திடீரெனத் தெறித்து உயிரிழப்பையும் ஏற்படுத்தக்கூடும். மின்கம்பி அறுந்து கிடக்கவும் வாய்ப்புண்டு. இவ்வேலையைப் பழக்கமுள்ளவர்களிடம் விடுவதே பாதுகாப்பானது.

அறுத்தல்

அறுவை ஆலைகள் தோட்டத்து மரத்தை ஏற்கத் தயங்குவது உண்டு. துணிக்கொடி கட்டிய ஆணி, வேலிக்கம்பி, ஊஞ்சல் கொக்கி முதலியன பட்டைக்குள் புதைந்து, மரம் அவற்றைச் சுற்றி வளர்ந்திருக்கும். வாள் அதில் பட்டால் பற்கள் உடையும். உடைந்த துண்டு அருகில் நிற்பவரைத் தாக்கவும் கூடும். முனையில் காணப்படும் கருநீலக் கறை உள்ளே இரும்பு இருப்பதற்கான அடையாளமாகும். மரத்திலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புடன் வினைபுரிவதால் இக்கறை தோன்றுகிறது. முற்காலத்தில் கடுக்காயும் இரும்பும் கொண்டு மை செய்ததும் இதே வேதிவினையால்தான். உலோகம் காணும் கருவியால் தடியை முன்கூட்டியே சோதித்துக்கொள்வது நல்லது.

தடியின் கன அளவைக் கணிக்கக் கால்சுற்றளவு முறை பயன்படுகிறது. சுற்றளவை நான்கால் வகுத்து, அதன் வர்க்கத்தை நீளத்தால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 120 செ.மீ. சுற்றளவும் 2.4 மீ. நீளமும் உள்ள தடி:

0.30 × 0.30 × 2.4 = 0.216 கன மீட்டர் (ஏறத்தாழ 7.6 கன அடி)

வட்டத்தின் உண்மையான பரப்பைக் கொண்டு கணித்தால் இதே தடி 0.275 கன மீட்டர் ஆகும். கால்சுற்றளவு முறை உண்மைக் கன அளவில் 78.5 விழுக்காட்டையே காட்டுகிறது. தடியை விற்பவர்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும். அறுவையில் தூளாகவும் புறப்பலகையாகவும் கழிவதால், பயன்படும் பலகை இன்னும் குறைவாகவே கிடைக்கும்.

அறுக்கும் முறைகளுள் இரண்டு முதன்மையானவை. தடியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை இணையாக அறுத்துக்கொண்டே செல்வது எளிய முறை. இதில் அகலமான பலகைகள் கிடைக்கும். ஆனால் அவை வளையும் இயல்பு கூடுதல். தடியை நான்காகப் பிளந்து, ஆரத் திசையில் பலகைகளை அறுப்பது மற்றொரு முறை. இதில் பலகையின் அகலமும் எண்ணிக்கையும் குறையும். ஆனால் பலகை நிலையாக நிற்கும். எம்முறையிலும் தடியின் நடுமையம் அடங்கிய பலகை வெடிக்கும் இயல்புடையது. அதனைத் தனியே ஒதுக்கிவிடுவர்.

உலர்ந்து சுருங்குவதற்கும் இழைப்பதற்கும் இடம் விட்டு அறுக்க வேண்டும். 25 மி.மீ. பலகை வேண்டுமெனில் ஏறத்தாழ 32 மி.மீ. கனத்தில் அறுப்பது பொருத்தமானது.

உலர்த்தல்

ஈரப்பதன் என்பது மரத்திலுள்ள நீரின் எடைக்கும், முற்றிலும் உலர்ந்த மரத்தின் எடைக்கும் உள்ள விகிதமாகும். 240 கிராம் எடையுள்ள ஒரு துண்டு, 103 பாகை செல்சியசு வெப்பத்தில் எடை மாறாத நிலை வரை உலர்த்தப்பட்டு 160 கிராம் ஆனால், அதன் ஈரப்பதன்:

(240 – 160) ÷ 160 × 100 = 50 விழுக்காடு

வகுப்பது உலர் எடையால் என்பதால் சில பச்சை மரங்களின் ஈரப்பதன் 100 விழுக்காட்டையும் தாண்டும்.

வெளியேற வேண்டிய நீரின் அளவு பலர் எண்ணுவதை விட மிகுதியானது. உலர் எடை 120 கிலோகிராம் உள்ள பலகைகளின் தொடக்க ஈரப்பதன் 80 விழுக்காடு எனக் கொள்வோம். அவை 12 விழுக்காட்டுக்கு வரும்போது ஏறத்தாழ 82 கிலோகிராம் நீர் வெளியேறியிருக்கும்.

காற்றில் உலர்த்துவதற்குப் பலகைகள் பின்வருமாறு அடுக்கப்படுகின்றன:

1. தரையிலிருந்து 30 முதல் 45 செ.மீ. உயரத்தில் சமமட்டமான மேடை அமைக்க வேண்டும். கற்களின் மேல் கட்டைகளை வைத்து இதனைச் செய்யலாம்.
2. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் 25 மி.மீ. கனமுள்ள, நன்கு உலர்ந்த குறுக்குச் சட்டங்களை 45 முதல் 60 செ.மீ. இடைவெளியில் வைக்க வேண்டும்.
3. எல்லா அடுக்கிலும் குறுக்குச் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக அமைய வேண்டும். விலகி இருந்தால், அவ்விடத்தில் பலகை நிலையாக வளைந்துவிடும்.
4. மேலே கூரைத் தகடு இட்டு வெயிலும் மழையும் படாமல் காக்க வேண்டும். பக்கங்களைக் காற்றோட்டத்துக்காகத் திறந்து விட வேண்டும்.
5. மேல் அடுக்கின் மீது கல் போன்ற எடையை ஏற்றினால் வளைதல் குறையும்.

பலகையை நேர் வெயிலில் காயவைப்பது தவறான முறையாகும். மேற்பரப்பு விரைந்து உலர்ந்து சுருங்க முயல, ஈரமான உட்பகுதி அதைத் தடுப்பதால் மேற்பரப்பில் வெடிப்புகள் தோன்றும்.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது குளிர் நாடுகளில் வழங்கும் கணக்கு. வெப்ப நாடுகளில் மெல்லிய பலகைகள் சில மாதங்களிலேயே உலரக்கூடும். கனமும் வன்மையும் கூடக் காலமும் கூடும். நாட்காட்டியை விடத் தராசே இதில் நம்பத்தக்கது. அடுக்கிலிருந்து ஒரு மாதிரிப் பலகையை எடுத்து வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைக் குறித்துவர வேண்டும். மழையற்ற காலத்தில் அடுத்தடுத்த வாரங்களில் எடை மாறாமல் நின்றால், மரம் சுற்றுப்புறக் காற்றுடன் சமநிலை அடைந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

இச்சமநிலை காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. ஒப்பு ஈரப்பதன் 80 விழுக்காடாக இருக்கும் இடத்தில் மரம் ஏறத்தாழ 16 விழுக்காட்டிலும், 65 விழுக்காட்டில் ஏறத்தாழ 12 விழுக்காட்டிலும், 50 விழுக்காட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டிலும் நிற்கும். கடற்கரை ஊரில் திறந்த வெளியில் உலர்ந்த மரம், குளிரூட்டிய அறைக்குள் சென்றால் மேலும் சுருங்கும். ஆகவே உலர்ந்த பலகையை, அறைகலன் இருக்கப்போகும் அறையிலேயே சில வாரங்கள் அடுக்கி வைத்த பின் வேலை தொடங்குவது நல்லது.

விரைவாக உலர்த்த வெப்ப உலைகள் பயன்படுகின்றன. 1906 இல் டேராடூனில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனம் சூரிய வெப்பத்தால் இயங்கும் மர உலர்த்தி ஒன்றையும் வடிவமைத்துள்ளது.

பூச்சிகளும் பூஞ்சைகளும்

உலர்ந்த வெளிறைத் துளைக்கும் சிறு வண்டுகள் மாவு போன்ற தூளை வெளித்தள்ளும். அறைகலனுக்கு அடியில் இத்தூள் காணப்பட்டால் உள்ளே புழுக்கள் உள்ளன என அறியலாம். வெளிறை முற்றிலும் நீக்கிவிடுவது எளிய தீர்வு. மா போன்று வெளிறு மிகுந்த மரங்களில் அது இயலாது. அவற்றுக்குப் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசல் பயன்படுத்தப்படுகிறது. பச்சைப் பலகையைக் கரைசலில் ஊறவைத்தால் மருந்து ஈரத்தின் வழியே உள்ளே பரவும். நீரில் இது கரைந்து வெளியேறிவிடும் என்பதால் மழைபடும் பொருட்களுக்கு உதவாது.

தடியைக் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போடும் பழைய வழக்கமும் உண்டு. இதனால் வெளிறிலுள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்து வெளியேறுவதால் வண்டுகளின் தாக்குதல் குறைகிறது. தேய்பிறையில் வெட்டிய மரத்தைப் பூச்சி அரிக்காது என்னும் நம்பிக்கையும் கிராமங்களில் நிலவுகிறது. எந்நாளில் வெட்டினாலும் வெளிறைப் பதப்படுத்தாமல் விடுவது பாதுகாப்பானதன்று.

அறைகலன் அமைத்தல்

உலர்ந்த பின்னரும் மரம் அசைவதை நிறுத்துவதில்லை. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை ஏற்று விரியும், கோடையில் சுருங்கும். 90 செ.மீ. அகலமுள்ள தேக்கு மேசைப் பலகை 16 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காட்டுக்கு உலர்ந்தால், வளையத் திசையில் அறுத்த பலகையாயின் ஏறத்தாழ 12 மி.மீ. சுருங்கும். இப்பலகையைக் கீழ்ச்சட்டத்துடன் அசையாதவாறு திருகிவிட்டால், சுருங்க இடமின்றி நடுவில் பிளக்கும்.

மரபுத் தச்சுமுறைகள் பல இவ்வசைவுக்கு இடம் தருவதற்காக உருவானவை. நான்கு சட்டங்களின் உட்பக்கம் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசையின்றி அக்காடிக்குள் பொருத்தும் கதவு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சட்டம் நீளவாக்கில் சுருங்காததால் கதவின் அளவு பெரிதும் மாறாது. பலகை காடிக்குள் தடையின்றி விரிந்து சுருங்கும். மேசைப் பலகையை இணைக்க நீண்ட துளையிட்டு, திருகு நகர இடம் விடுவதும் இதே நோக்கில்தான். கால்களையும் சட்டங்களையும் இணைக்க, ஒன்றில் உளியால் துளை பொளித்து மற்றொன்றின் முனையில் அதற்குரிய நாக்கைச் செதுக்கிப் பொருத்துவர். இவ்விணைப்பு ஆணியை விட நெடுங்காலம் நிலைக்கும்.

மெருகிடல்

உப்புத்தாள் கொண்டு நார் ஓடும் திசையில் தேய்த்த பின் மெருகு பூசப்படுகிறது. அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசுவது பழைய முறைகளுள் ஒன்று. ஆளிவிதை எண்ணெயும் பயன்படும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால், காற்றிலுள்ள ஆக்சிசனுடன் எண்ணெய் வினைபுரிந்து வெப்பம் சேர்ந்து துணி தானே தீப்பற்றக்கூடும். அத்துணியை விரித்துக் காயவைத்தோ, நீரில் நனைத்தோ அப்புறப்படுத்த வேண்டும். மெருகு ஈரம் புகுவதைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் தடுப்பதில்லை.

எப்போது பயன் தராது

எல்லாத் தோட்ட மரங்களும் அறைகலனாகத் தக்கன அல்ல. உள்ளே உளுத்துப் பொந்தான மரம், ஏறத்தாழ 60 செ.மீ. சுற்றளவுக்கும் குறைந்த இளமரம், முறுக்கி வளர்ந்த மரம் ஆகியவற்றில் பலகை மிகக் குறைவாகவே தேறும். கிளைகளிலிருந்து எடுத்த பலகை பெரிதும் வளையும். அறுவை, போக்குவரத்து, பதப்படுத்தல், தச்சர் கூலி ஆகியவற்றைக் கூட்டினால், செலவு கடையில் வாங்கும் அறைகலனை விடக் கூடுதலாகவும் இருக்கலாம். இருப்பினும் தாத்தா நட்ட பலாவோ, வாசலில் நின்ற வேம்போ வீட்டிலேயே நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காகப் பலர் இதனை மேற்கொள்கின்றனர். அவ்வாறு விரும்புவோருக்கு முழு மரமும் தேவையில்லை. முனை பூசி, நிழலில் உலர்த்திய இரண்டு நல்ல பலகைகள் கிடைத்தாலே ஒரு மணையோ, முக்காலியோ, ஊஞ்சற்பலகையோ செய்துகொள்ளலாம்.